வலக்கை நாடி

என் நாற்பது வயது வரைக்கும் ஒருவரும் என் கையைப் பிடித்து நாடி பார்த்ததில்லை. அதற்கு அவசியம் வரவில்லை. தடிமன் காய்ச்சல் என்றால் மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவித்த குடிநீர். வயிற்றுக்குத்து என்றால் ஓமம். அதற்கும் மிஞ்சினால் கோயில் திருநீறு. சண்டிலிப்பாயில் ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சத் தோட்டமும் வைத்துக்கொண்டு, மாரிக்குப் புகையிலை, கோடைக்குக் கத்தரி மிளகாய் என்று செய்து வந்தவன் நான். விடியற்புறத்தில் துலா மிதிக்கிற மனிதனுக்கு வேறு மருந்து எதற்கு என்று ஓர் எண்ணமும் இருந்தது. அந்த எண்ணத்தைச் சிவபெருமான் ஒரு புரட்டாதி மாதத்தில் திருத்தி வைத்தார்.

உலக யுத்தம் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. ஆவணியில் மூன்று கிழமை காய்ச்சலில் கிடந்து எழும்பியிருந்தேன். உடம்பு தேறவில்லை. ஆனாலும் கத்தரிக் கன்றுகள் வெயிலில் தலை தொங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க மனம் கேட்கவில்லை. என் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு இறைப்புக்குப் போனேன். அவன் கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளுகிற ஓலைப்பட்டையைப் பிடித்தான்; நான் துலாவில் ஏறினேன். துலா மிதிப்பதென்றால் கிணற்றடியில் ஏற்றமாகக் கிடக்கிற அந்த நெடுமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பது. முன்னுக்கு நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னுக்கு நடந்தால் நிறைந்து மேலே வரும். அன்று பத்துப் பட்டை வந்திருக்காது. நெஞ்சுக்குள் ஒரு கோழி அகப்பட்டுச் செட்டை அடிப்பது போல இருந்தது. கண் இருண்டது. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். மைத்துனன்தான் ஏறி வந்து என்னை இறக்கினான்.

எங்கள் பகுதியில் பேர் பெற்ற பரியாரியார் ஒருவர் இருந்தார். பரம்பரை வைத்தியர், எழுபது வயது, யாரிடமும் இவ்வளவு தா என்று கேட்டறியாதவர். அன்று பின்னேரமே குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். பாயில் எனக்குப் பக்கத்தில் இருந்து வலக்கையை நீட்டச் சொன்னார். நாடி பார்க்கும்போது ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. இதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் அறியும். பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடினார். வாதம், பித்தம், சேத்துமம் மூன்றும் அந்த மூன்று விரலிலும் பேசுமாம். என் கையில் ஒன்றும் பேசவில்லை போலும். விரலை அழுத்தினார், தளர்த்தினார், எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வைத்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "ஆறுதலாக் கிடவும் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய் என் மைத்துனனோடு நின்று கதைத்தார்.

அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும். "நாடி நூலாப் போச்சுது. இருதயத்தாலை வாற ஓட்டம் ஒடுங்கியிட்டுது. ஒரு மண்டலம் தாண்டினால் பயமில்லை. அறிவிக்க வேண்டிய ஆக்களுக்கு அறிவியுங்கோ." ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். நல்ல மனிதர்கள் மரணச் செய்தியை அப்படித்தான் சொல்லுவார்கள்.

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் என் மனைவி சோற்றில் நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் நெய் விரதநாளுக்கும் விருந்தாளிக்கும்தான். நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் நெய்க் கிண்ணத்தைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. பயமா என்றால், முதல் இரண்டு நாள் பயம்தான். பிறகு, கொடுத்தவனே கேட்கிறான், கொடுக்காமல் விடுவதற்கு நான் யார் என்று ஒரு அமைதி வந்தது. பிள்ளைகள் இரண்டும் சிறிசு. அதுதான் மனத்தை அறுத்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அது என் அண்ணை.

அண்ணை எனக்கு எட்டு வயது மூத்தவர். காலிப் பக்கம் சுருட்டுக் கடை வைத்திருந்தார். ஏழு வருடமாக எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, எனக்கு ஒரு கடிதம் போடவில்லை. காரணம் எங்கள் தகப்பனார் அப்புவின் அந்தியேட்டி, அஸ்தி கரைக்கிற கிரியை.

அப்பு மோசம் போனபோது தந்தி பிந்தியதால் அண்ணை பிரேதத்தைக் காணவில்லை. நான்தான் கொள்ளி வைத்தேன். கொள்ளி வைத்தவனே அந்தியேட்டியும் செய்வது வழக்கம். ஆனாலும் அவர் மூத்த பிள்ளை, அதையாவது அவர் செய்யட்டும் என்று இனசனம் கூடிப் பேசி முடிவு செய்திருந்தோம். முப்பத்தோராம் நாள் எல்லோரும் கீரிமலைக்குப் போனோம். அண்ணை இரவு மெயிலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கி நேரே அங்கே வருவதாக ஏற்பாடு. அது மாரி, வழியில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் பிந்திவிட்டது. குருக்கள் நேரத்தைப் பார்த்தார். நான் முன்னுக்குப் போய் இருந்து கிரியையைச் செய்து, அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டுக் கேணியில் முழுகி ஏறும்போது, அண்ணை ஈர வேட்டியும் தோள் பையுமாக ஓடி வந்தார். ஓடி வந்தவர் என்னைக் கண்டதும் நின்றார். "என்னை இல்லாதவனாக்கிப் போட்டாயடா" என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்தார்.

நேரம் போய்விட்டது, அதனால்தான் என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். உண்மை என்னவென்றால், குருக்கள் என் காதருகே குனிந்து, இன்னும் ஒரு நாழிகை பொறுக்கலாம் என்று சொன்னார். நான் வேண்டாம், தொடங்குங்கோ என்றேன். அப்பு கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தபோது தூக்கினவன் நான், கழுவினவன் நான். மாதம் தவறாமல் காசு அனுப்பிய அண்ணையைத்தான் ஊர் புகழ்ந்தது. அந்தப் புகைச்சல் அன்று அந்த இடத்தில் என் வாயால் வந்தது. குருக்களும் பிறகு காலமாகிவிட்டார். ஆகவே அந்த ஒரு நாழிகையை அறிந்தவன் பூமியில் நான் ஒருவன்தான். ஏழு வருடம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தேன்.

அண்ணைக்கு என் மனைவி அயல் வாத்தியாரைக் கொண்டு கடிதம் எழுதுவித்திருக்கிறாள். பத்தாம் நாள் அவர் வந்தார். கையில் தோல் பெட்டி, ஒரு பிஸ்கட் தகரம். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது.

"என்னடா, உப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்றார்.

"வாங்கோ அண்ணை" என்றேன். இருவரும் கீரிமலையைப் பற்றி மூச்சு விடவில்லை. சாகிறவனோடு அவர் கணக்குத் தீர்க்க வரவில்லை. சாகிறவனுக்கும் கணக்கை எடுக்கத் துணிவு இல்லை. சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்றுதான் பயம். சொல்லாமல் போனால் அங்கே அப்புவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் பயம்.

அவர் வந்த பிறகு வீடு வேறு வீடாகிவிட்டது. கடைக்காரருக்கு எல்லாம் நேரப்படி நடக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்த மணிக்கூட்டை எடுத்துப் பார்த்துத்தான் எனக்கு மருந்து. என்னைப் பார்க்க வருகிற சனம் இளநீரும் தோடம்பழமும் கொண்டு வந்து, என் தலைமாட்டில் இருந்துகொண்டே "நல்ல மனுசன்" என்று இறந்தகாலத்தில் கதைக்கத் தொடங்கும். அண்ணை அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக் கெதியாக அனுப்பிவைப்பார். ஒரு நாள், தோட்டம் காய்கிறது, துலாவை நான் மிதிக்கிறேன் என்று வேட்டியை மடித்துக்கொண்டு போனார். பெடியனாக இருந்தபோது நன்றாக மிதித்தவர்தான். ஆனால் இப்போது வயிறு முன்னுக்குப் போக, கால் பின்னுக்கு நின்றது. இரண்டு எட்டு வைத்துவிட்டு மரத்தின் மேல் குதிரை ஏறியது போல இருந்துவிட்டார்.

"அண்ணை, உது கடை மேசையில்லை, துலா" என்று கீழே நின்ற என் மைத்துனன் சொன்னான்.

"உன்ரை வாயை இறைச்சா ரெண்டு தோட்டத்துக்குத் தண்ணி காணும். பிடியடா பட்டையை" என்றார் அண்ணை. ஆனாலும் விடவில்லை. ஒரு கிழமையில் கால் பழைய கணக்கைக் கண்டுகொண்டது. குசினி வாசலில் நின்று அதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்துக் கன நாள்.

பரியாரியார் மூன்று நாளுக்கு ஒருமுறை வந்து கையைப் பிடிப்பார். அதே நூல். ஆனால் நான் மட்டும் ஆள் மாறிக்கொண்டு வந்தேன். முதலில் கஞ்சி, பிறகு இடியப்பமும் சொதியும், பிறகு பிட்டு, அதுவும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கி. படபடப்பு அடங்கிவிட்டது. மத்தியானத்தில் ஒருக்களித்துப் படுத்துத் தலையணையில் காதை அமர்த்தினால், உள்ளே துலா ஏறி இறங்குவது போல ஒரு சத்தம், ஒரே சீராக, நோகாமல் கேட்கும். அதைப் பரியாரியாரிடம் சொன்னேன். வாயுவாக இருக்கும் என்றார். ஆனால் அவருக்கே மனம் ஒப்பவில்லை. என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முகத்திலை உயிர் இருக்குது, கையிலை இல்லை. என்ன விளையாட்டோ" என்று தனக்குத் தானே சொன்னார்.

பின்னேரங்களில் அண்ணை எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவார். வாசித்து முடித்து மடிக்கும்போது நான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு "அண்ணை" என்பேன்.

"என்ன, தண்ணியே?"

"ஓம்" என்பேன். அந்த நாட்களில் நான் குடித்த தண்ணீர் கொஞ்சமில்லை.

என் மனைவி அந்த முறை கேதார கௌரி விரதத்தை எனக்காகப் பிடித்தாள். இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாடு. ஐப்பசி அமாவாசையன்று காப்புக் கட்ட நான் கோயிலுக்குப் போகவேண்டும். வண்டில் வேண்டாம், நடந்து போய்க் கும்பிடுகிறேன் என்றேன். இனி எப்போது நடப்பேனோ என்ற எண்ணம். அண்ணை கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஐயர் என் வலது மணிக்கட்டில் அந்த மஞ்சள் நூற்காப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். அதிலும் ஆணுக்கு வலக்கைதான். கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தோம். வீட்டுப் படலைக்கு வந்ததும் அண்ணை நின்று, இளைக்க இளைக்க மூச்சு வாங்கினார். நான் சும்மா நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் இளைக்கிறன், நீ இளைக்கேல்லை. இதிலை ஆரடா நோயாளி?" என்றார். அன்றே பரியாரியார் வீட்டுக்குப் போய், கோபிக்க வேண்டாம், தம்பியை ஒருக்கால் இங்கிலீசு டாக்குத்தருக்குக் காட்டப் போகிறேன் என்று உத்தரவு கேட்டிருக்கிறார். காட்டுங்கோ, என்னவென்று வந்து எனக்கும் சொல்லுங்கோ, எனக்கும் அறிய ஆசைதான் என்றாராம் அவர்.

இரண்டு நாள் கழித்து மைத்துனன் வண்டில் கட்டினான். பட்டணத்தில் மலாயாவில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு டாக்குத்தர் தன் வீட்டு முன்னறையிலேயே நோயாளரைப் பார்த்து வந்தார். கட்டையான மனிதர், நெற்றியில் திருநீறு, கழுத்தில் ரப்பர்க் குழாய். என்னை வாங்குப் பலகையில் இருத்தி, கையைக் கேட்டார். நான் வலக்கையை நீட்டினேன். அவர் காப்பைக் கண்டார். புது மஞ்சள் மணம் போகாத காப்பு. விரல் வைக்க இடமில்லாமல் மணிக்கட்டை மூடிக்கொண்டு கிடந்தது. அதைத் தொடாமல், அது கிடக்கட்டும் என்று இடக்கையை எடுத்தார்.

அண்ணை பதறிப்போனார். "ஐயா, ஆம்பிளைக்கு வலக்கை."

"இருதயம் ஒண்டுதானே" என்றார் டாக்குத்தர். "ரெண்டு கைக்கும் அதுதான் இறைக்குது."

இறைக்குது என்ற அந்தச் சொல் எனக்குச் சட்டென்று பிடித்தது. அவர் இடக்கையைப் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். பத்துத் தரம் இருந்து எழும்பச் சொல்லித் திரும்பவும் கேட்டார். காலைப் பெருவிரலால் அமத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஆர் உங்களுக்கு நாடி இல்லையெண்டது?"

அண்ணை எல்லாவற்றையும் சொன்னார். டாக்குத்தர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை நான் இன்றைக்கும் நினைப்பேன். என்னிடம் உத்தரவு கேட்டுக் காப்பை மெள்ள மேலே தள்ளிவிட்டு, வலது மணிக்கட்டில் விரல் வைத்தார். அவருக்கும் அங்கே ஒன்றும் அகப்படவில்லை. புல்லுக்குள் விழுந்த ஊசியைத் தடவித் தேடுவது போல, முழங்கைப் பக்கத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே விரல் திரும்பிக் கையின் புறப்பக்கம் போனது. பெருவிரலுக்குப் பின்னாலே வந்து நின்றது. என் மற்றக் கையை எடுத்து, இரண்டு விரலை அந்த இடத்தில் வைத்துவிட்டார்.

அடித்தது. நல்ல பலமாக, ஒன்று, ஒன்று, ஒன்று என்று அடித்தது. சின்ன வயது தொட்டு மண்வெட்டி பிடித்த கை. அதன் முதுகில் என் உயிர் ஓடிக்கொண்டிருந்ததை நான் அறியவில்லை. சிவசிவா என்று வாய் தன்பாட்டில் சொல்லிற்று.

டாக்குத்தர் விளங்கப்படுத்தினார். எல்லோருக்கும் மணிக்கட்டின் உள்பக்கத்தால் ஓடுகிற நாளம் எனக்கு வலக்கையில் பிறக்கும்போதே வழி மாறிப் பின்பக்கத்தால் ஓடுகிறதாம். உள்பக்கத்தில் இருப்பது ஒரு சின்னக் கிளை, அதுதான் அந்த நூல். வாய்க்கால் விலகிப் போனால் தண்ணீர் இல்லை என்று ஆகுமா, பாத்திக்குத் தண்ணீர் வந்து சேருகிறதுதானே என்றார். ஆனால் நோயே இருக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சல் இருதயத்தைக் களைக்கப் பண்ணியிருக்கிறது. களைத்த இருதயத்தோடு துலாவில் ஏறினது என் பிழை. "பரியாரியார் படுக்க வைச்சதுதான் உங்களைச் சுகப்படுத்தினது. அவரின்ரை காரணம் பிழை, வைத்தியம் சரி. தை பிறக்கும் மட்டும் துலாவிலை ஏறாதையுங்கோ" என்றார்.

அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் வலக்கையை நீட்டி, என்னுடையதையும் ஒருக்கால் பாருங்கோ என்றார். டாக்குத்தர் பிடித்துப் பார்த்து, வழமையான இடத்தில்தான் ஓடுகிறது என்றார்.

"அப்ப எனக்கு நேர் வழி" என்றார் அண்ணை. "உவன்ரை ரத்தம் பிறக்கேக்கையே குறுக்காலை முந்திப் போற ரத்தம் ஐயா."

டாக்குத்தர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சொன்ன பிறகு அண்ணையும் வாயை மூடிக்கொண்டார். ஏழு வருடத்தில் அதைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதற் சொல் அதுதான், பகிடியாக வந்துவிட்டது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அண்ணை வண்டிலுக்குள் பெரிய சந்தோஷமாக இருந்தார். கடையைச் சிப்பந்தியிடம் விட்டு வந்தது எவ்வளவு நாள், வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் போகலாம், இனி என்ன பயம் என்று கதைத்துக்கொண்டு வந்தார். எனக்கோ ஒரே யோசனை. இவர் வந்தது சாகப்போகிற தம்பியைப் பார்க்க. அந்தத் தம்பி இப்போது இல்லை. சாகாத தம்பிக்கும் இவருக்கும் நடுவில் அந்த ஒரு நாழிகை அப்படியே கிடக்கிறது. இவர் ரயில் ஏறிப் போனால் நான் அதை இனிச் சொல்லப்போவதில்லை. கையின் பின்பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், அடியோ அடி.

"அண்ணை" என்றேன்.

"என்ன, தண்ணியே? டாக்குத்தர் வீட்டிலை குடிச்சனியல்லே?"

"இல்லை அண்ணை. அண்டைக்கு நேரம் போகேல்லை."

"எண்டைக்கு?"

"கீரிமலையிலை. குருக்கள் இன்னும் ஒரு நாழிகை பொறுக்கலாமெண்டு சொன்னவர். நான்தான் வேண்டாமெண்டனான். எனக்கு உங்களிலை எரிச்சல்."

 அவர் முகத்தைத் திருப்பி மழையைப் பார்த்தார். பிறகு வண்டிலை நிற்பாட்டச் சொல்லி இறங்கினார். குடை வண்டிலுக்குள்ளேயே கிடந்தது. "நீங்கள் போங்கோ" என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டு வண்டிலுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார். நான் கொஞ்சத் தூரம் பொறுத்தேன். பொறுக்க முடியவில்லை. நானும் இறங்கி அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்தேன். மாடு எங்களுக்காக மெள்ள மெள்ள நடந்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"வண்டிலிலை ஏறடா. மழையிலை செத்துக் கித்துத் துலைச்சிடாதை."

"நீங்கள் ஏறுங்கோ."

"உனக்கு எல்லாத்திலையும் நான் பிந்தோணும், என்ன?"

"இல்லை அண்ணை. நீங்கள் முதல் ஏறுங்கோ, நான் பிறகு ஏறுறன்."

என்னை நனைய விட அவருக்கு மனமில்லை. நான் முந்தி ஏறப்போவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. திட்டிக்கொண்டே ஏறினார். அவர் இருந்த பிறகு நான் ஏறினேன். 

அடுத்த நாள் நாங்கள் எழும்பும்போது அவருடைய பாய் சுருட்டிக் கிடந்தது. தோல் பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் என் மனைவி அடுப்பை மூட்டினாள். மத்தியானம் போல ஈர வேட்டியோடு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். கீரிமலைக்குப் போய் முழுகி, கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். போக வர எல்லாம் நடைதான்.  என் மனைவியைப் பார்த்து, என்ன கறி என்று கேட்டார். கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் என்றாள். சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"அப்புவின்ரை திவசம் எப்ப?"

"கார்த்திகையிலை. இன்னும் ரெண்டு கிழமை."

"நிண்டு செய்து போட்டுத்தான் போவன். இனி வருசா வருசம் நான்தான் செய்வன். நீ முன்னுக்கு வராதை."

"ஓம் அண்ணை" என்றேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. எனக்கு அந்த "வருசா வருசம்" போதுமாக இருந்தது.

பரியாரியாரிடம் நானே நடந்து போனேன். வெற்றிலையும் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னேன். எப்படி எடுப்பாரோ என்று எனக்குள் ஒரு கூச்சம். அவர் என் வலக்கையைத் திருப்பிப் பிடித்து, பெருவிரலுக்குப் பின்னால் விரலை வைத்துக் கண்ணை மூடினார். அந்த முகத்தில் மெள்ள மெள்ள ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டேன். "அம்பது வருசம் கை பிடிச்சன். ஒருத்தருக்கும் மற்றக் கையைப் பிடிக்கேல்லை" என்றார். பிறகு, "நீர் சாகாதது எனக்குப் பெரிய புண்ணியம் தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். என் இடக்கையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரிடம் போன சனம், பரியாரியார் ஏன் இரண்டு கையையும் பிடிக்கிறார் என்று வந்து என்னிடம் கேட்கும்.

கார்த்திகையில் திவசம் வந்தது. அண்ணை தலைப்பக்கம் இருந்தார். நான் அவருக்கு இடப்பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி, எள்ளுக் கிண்ணத்தையும் தண்ணீர்ச் செம்பையும் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்புவின் பெயரைச் சொல்லும்போது அவர் இடையில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தார். ஐயர் பொறுத்தார். நானும் பொறுத்தேன்.

இப்போது எனக்கு நரைத்துவிட்டது. அண்ணைக்குப் பல்லும் போய்விட்டது. கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். ஆனாலும் யுத்தகாலத்து நெருக்கடியிலும் ஒரு வருடம் தவறவில்லை. திவசத்துக்கு இரண்டு நாள் முந்தியே பிஸ்கட் தகரத்தோடு வந்துவிடுவார். வந்ததும் என் கையைப் பற்றிக் கேட்காமல் துலாவைப் பற்றித்தான் கேட்பார். எள்ளும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பது இன்றைக்கும் என் வேலை. எந்த இடத்தில் எள், எந்த இடத்தில் தண்ணீர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் கையை நீட்டும் மட்டும் நான் கிண்ணத்தை எடுப்பதில்லை. சில வருடங்களில் அவர் வேண்டுமென்றே நெடுநேரம் நீட்டாமல் இருப்பார். நானும் பொறுத்திருப்பேன். பிறகு நீட்டுவார்.